காரைக்குடிப் பொட்டலில் பழகி, மலையில் டிரவுட் பிடிக்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செட்டிநாட்டில் டிரவுட் கிடையாது, வரவும் வராது. அந்த மீனுக்கு 10 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நம் கண்மாய்த் தண்ணீர் சித்திரை மதியத்தில் 30-க்கு மேல் போய்விடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் போல இருப்பது 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். இதெல்லாம் தெரிந்தும் சொல்கிறேன், டிரவுட் பிடிக்க ஆசை இருந்தால் அதற்கான ஃப்ளை ஃபிஷிங்கை, அதாவது ஃப்ளை என்னும் போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பதைக் கற்றுக்கொள்ள நம் ஊர்ப் பொட்டலும் கண்மாய்க் கரையும்தான் சரியான இடம் என்பது என் கட்சி. டிரவுட் இருக்கும் நீலகிரி, மூணாறு மாதிரி மலையில் கிடைப்பது ரெண்டு நாள். அறை வாடகை, வண்டிச் செலவு, அனுமதிச் சீட்டு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதரில் மாட்டிய ஃப்ளையை எடுப்பதிலேயே அந்த ரெண்டு நாளும் போய்விடும்.

சரி, இதில் என்ன வித்தியாசம்? நாம் பழகிய தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும், அதற்குக் கனமே கிடையாது, எவ்வளவு பலமாக வீசினாலும் காலடியில்தான் விழும். அதனால் கனத்தை லைனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தடித்த, பூச்சுப் பூசிய லைன் காற்றில் ஒரு வளைவாக உருண்டுபோய் நீளும், அதன் நுனியில் ஃப்ளை மெத்தென்று இறங்கும். ஆக நீங்கள் வீசுவது லைனைத்தான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பழக்கம்.

வாங்க வேண்டியது

முதல் ராடு, அதாவது தூண்டில் கம்பு, 9 அடி நீளம், 5 வெயிட். இந்த 5 என்பது லைனின் கனத்துக்கான எண். லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், நம் கணக்கில் 9 கிராம் சொச்சம். ராடும் லைனும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், கடைக்காரர் வேறு எண்ணைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். சோலைக்குள் ஓடும் சின்ன ஓடைக்கு ஏழரை அடி, 3 வெயிட் ராடு சுகமாக இருக்கும், ஆனால் ஏரிக்கும் கண்மாய்க்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 5 வெயிட்தான். ரீலுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், டிரவுட்டுக்கு அது லைனைச் சுற்றி வைக்கும் சாமான், அவ்வளவுதான். மிச்சமாகும் காசில் நல்ல லைன் வாங்குங்கள். 'வெயிட் ஃபார்வேர்டு, ஃப்ளோட்டிங்', அதாவது முன்பக்கம் கனமான, மிதக்கும் லைன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. டிரவுட்டுக்கான லைன் குளிர் நாட்டுக்காகச் செய்தது. காரைக்குடி வெயிலில் அது தளர்ந்து பிசுபிசுத்து ராட்டின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். செம்மண் சரளையில் இழுபட்டால் மேல்பூச்சும் உரிந்துபோகும். அதனால் பழகுவதற்கு மலிவான லைன் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நல்லதை மலைக்கு மட்டும் எடுங்கள். பழகும் நேரம் விடியற்காலை, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. காரின் பின்கண்ணாடிக்குக் கீழே லைனைப் போட்டுவைக்கும் ஆள்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

லைனுக்குப் பின்னால் பேக்கிங் என்னும் மெல்லிய கயிறு ஒரு 50 கெஜம், லைனுக்கு முன்னால் 9 அடி லீடர். லீடர் என்பது அடி தடித்து நுனி மெலிந்துபோகும் நரம்பு, அதன் நுனித் துண்டுக்கு டிப்பெட் என்று பெயர். டிப்பெட்டின் தடிமன் 4எக்ஸ், 5எக்ஸ் என்று இருக்கும், எண் கூடக் கூட நூல் மெலியும். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும். 5எக்ஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். தொடங்குகிறவருக்கு 4எக்ஸ், 5எக்ஸ் ரெண்டு சுருள் போதும். முடிச்சு மூன்று தெரிந்தால் காலம் தள்ளலாம்: லைனையும் லீடரையும் சேர்க்க நெயில் நாட், லீடரில் டிப்பெட்டைச் சேர்க்க சர்ஜன்ஸ் நாட், ஃப்ளையைக் கட்ட இம்ப்ரூவ்டு கிளிஞ்ச். எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு இறுக்க வேண்டும், காய்ந்த நரம்பு இறுகும்போது சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

பொட்டலில் வீச்சு

இதுதான் இந்த வித்தையின் பாதி, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். முன்னும் பின்னும் 50 அடிக்குக் கருவேல மரம் இல்லாத வெட்டவெளி வேண்டும். அறுப்பு முடிந்த வயல் நல்லது, தண்ணீர் வற்றிய கண்மாயின் உள்வாய் அதைவிட நல்லது. தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்காரர்கள் வளவிலேயே பழகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பின்வீச்சு தூணில் சுற்றிக்கொள்ளும், அப்புறம் ஆச்சியிடம் பேச்சு வாங்குவது உங்கள் பாடு.

முள்ளைக் கட்டாதீர்கள். நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு குஞ்சம் போதும். தொப்பியும் கண்ணாடியும் அப்போதும் வேண்டும், பழக்கம் வர வேண்டுமே. லைனை ஒரு 25 அடி முன்னால் நேராகக் கிடத்துங்கள். கட்டைவிரல் பிடியின் மேல் இருக்கட்டும், ராட்டின் நுனி தரையைப் பார்க்கட்டும். இப்போது மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, ராடு தலைக்கு நேரே வந்து சற்றுப் பின்னால் சாய்ந்ததும் டக்கென்று நிறுத்த வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்கிறவர் மட்டையில் மிஞ்சிய சுண்ணாம்பை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள், கை வேகம் எடுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் வெட்டினாற்போல் நிற்கும், சுண்ணாம்பு மட்டும் பறக்கும். அதே உதறல்தான்.

நிறுத்தியதும் காத்திருக்க வேண்டும். எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். லைன் பின்னால் போய் முழுக்க நீள்வதற்கு நேரம் கொடுக்காமல் முன்னால் இழுத்தால் பளீரென்று சாட்டைச் சத்தம் கேட்கும். முள் கட்டியிருந்தால் அந்தச் சத்தத்தோடு அது பிய்த்துக்கொண்டு போயிருக்கும். எத்தனை நொடி என்று எண்ணிப் பயனில்லை, லைனின் நீளத்தைப் பொறுத்து மாறும். தலையைத் திருப்பிக் கண்ணால் பாருங்கள். லைன் நேராகி விழப்போகும் அந்த நேரத்தில் முன்வீச்சைத் தொடங்குங்கள், அதே வேகம் கூட்டல், அதே வெட்டு நிறுத்தம், பிறகு லைன் இறங்க இறங்க ராட்டின் நுனியையும் இறக்குங்கள்.

காற்றில் லைன் போடும் வளைவு ஒடுக்கமாக இருந்தால் நன்றாக வீசுகிறீர்கள். கதவு அகலத்துக்குத் திறந்துகொண்டால் மணிக்கட்டு பின்னால் ஒடிகிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து, ராட்டின் அடிமுனையை முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் செருகிக்கொண்டு வீசுவது, மணிக்கட்டை ஒடிய விடாது. லீடரில் தானாக முடிச்சு விழுந்துகொண்டே இருக்கிறதா? தொடக்கத்திலேயே முழுப் பலத்தையும் கொடுத்துவிடுகிறீர்கள், லைன் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. பலம் கடைசியில்தான் வர வேண்டும்.

20, 30, 40 அடியில் மூன்று ஓலைக் கொட்டான்களை வைத்து அதற்குள் குஞ்சத்தை இறக்கிப் பாருங்கள். தூரம் வீசிக் காட்டுவது பந்தா, டிரவுட் ஓடையில் 20 அடிக்குள்தான் முக்கால்வாசி வேலை, அதனால் 20 அடிக் கொட்டானில் பத்துக்கு ஏழு விழாத வரை 40-ஐ நினைக்க வேண்டாம். ஆடிக்காற்று அடிக்கும் நாளில் வேண்டுமென்றே காற்றுக்கு எதிரே நின்று வீசுங்கள், நீலகிரியின் அவலாஞ்சி அணைக் கரையில் அடிக்கும் காற்று இதற்குக் குறைந்ததில்லை. வழியில் போகிறவர்கள் "என்னண்ணே, பொட்டல்ல மீன் பிடிக்கிறீக?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு வீசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கண்மாயும் கலுங்கும்

தரையில் வரவே வராத வீச்சு ஒன்று உண்டு, ரோல் காஸ்ட். பின்னால் மரமோ கரையோ இருக்கும்போது லைனைப் பின்னால் வீசாமலே முன்னால் உருட்டிவிடுவது. தண்ணீர் லைனைப் பிடித்துவைத்தால்தான் ராடு வளையும், அதனால் இதற்குத் தண்ணீர் வேண்டும். ராட்டை மெதுவாகக் காதுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, லைன் தோளுக்குப் பின்னால் அரை வட்டமாகத் தொங்கியதும் முன்னால் வெட்டுங்கள். சோலை ஓடைகளில் இதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

ஊருணியில் தூண்டில் போடாதீர்கள், அது குடிதண்ணீர், கால் கழுவவே விடமாட்டார்கள். கண்மாயில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிடித்ததைத் திரும்ப விடுகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கவே உட்கார்ந்துவிடுவார்கள். கோடையில் தண்ணீர் வற்றி, ஊரே ஊத்தாவோடு இறங்கும் மீன்பிடித் திருவிழா சமயத்தில் ராட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஜிலேபிக் கெண்டைதான் நல்ல வாத்தியார். எங்கேயும் இருக்கும், வெட்கப்படும், இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். 12, 14 நம்பர் முள்ளில் கட்டிய நிம்ஃபை, அதாவது தண்ணீருக்குள் மூழ்கிப் போகும் ஃப்ளையை, ஓரமாகப் போட்டு, நாலு விரல்கடை அளவுக்கு இழுத்து நிறுத்தி இழுத்து நிறுத்திக் கொண்டுவாருங்கள். லைன் நுனி லேசாக நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ ராட்டை உயர்த்துங்கள். இந்தச் சின்ன அசைவைப் பார்க்கும் கண் வந்துவிட்டால் டிரவுட் நிம்ஃபிங் பாதி வந்த மாதிரி. தக்கையைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் இது முதலில் கஷ்டம்.

விராலுக்கு ஆசைப்பட்டால் மிதக்கும் ரப்பர்த் தவளையும் 20 பவுண்டு லீடரும் வேண்டும், அதன் பல்லுக்கு 5எக்ஸ் எந்த மூலைக்கு. அதற்கு ராட்டை உயர்த்தக் கூடாது, இடக்கையால் லைனை வெடுக்கென்று இழுத்து முள்ளை ஏற்ற வேண்டும். இதே பழக்கத்தோடு மலைக்குப் போனால் டிரவுட்டின் டிப்பெட் அறுந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும். செக்கச்செவேலென்று குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போனால் கீழே விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம், அந்த மீனை விட்டுவிடுங்கள்.

கண்மாயைவிட எனக்குப் பிடித்த பள்ளிக்கூடம் கலுங்கு. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, கலுங்குக்குக் கீழே கல்லில் மோதி, நுரைத்து, சுழன்று ஓடும் அந்த வாய்க்கால் சில நாள்களுக்கு ஒரு மலை ஓடை மாதிரியே இருக்கும். புதுத்தண்ணீரை எதிர்த்துச் சின்னக் கெண்டைகள் ஏறும். டிரவுட்டுக்கு உயிர்நாடியான பாடத்தை இங்கே படிக்கலாம்: ஃப்ளை தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும், லைன் அதை இழுக்கக் கூடாது. நடு ஓட்டம் வேகம், ஓரம் மெதுவு. குறுக்கே போட்ட லைனின் நடுப்பகுதியை ஓட்டம் கீழே இழுத்துக்கொண்டு போகும், அதன் பின்னாலேயே ஃப்ளையும் கோடு போட்டுக்கொண்டு ஓடும், இதற்கு டிராக் என்று பெயர். அதைத் தவிர்க்க, லைன் விழுந்த உடனே ராட்டின் நுனியால் அரைவட்டம் போட்டு நடுப்பகுதியைத் தூக்கி நீரோட்டத்துக்கு மேல்பக்கமாகப் போட்டுவிட வேண்டும். இது மெண்டிங். ஒரு காய்ந்த இலையைப் பக்கத்தில் மிதக்கவிட்டுப் பாருங்கள், இலையும் ஃப்ளையும் சேர்ந்தே போனால் சரியாகச் செய்கிறீர்கள்.

நாட்டுச் சேவல், மயில் இறகு

ஃப்ளையை விலைக்கு வாங்கலாம், ஆனால் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இறகை விலைக்கு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. கிரிஃபித்ஸ் நாட் என்று ஒரு ஃப்ளை உண்டு, மயில் இறகின் இழையைச் சுற்றி உடம்பு, அதன் மேல் கறுப்பு வெள்ளை வரி போட்ட சேவல் கழுத்து இறகை உடம்பு நெடுகச் சுற்றுவது. முடிந்தது. இறகுக்கு, நாட்டுக்கோழி உரிக்கும் கடையில் வயதான சேவலின் கழுத்துத் தோலைச் சொல்லிவைத்தால் எடுத்துத் தருவார்கள். முற்றிய சேவலின் இறகு விறைப்பாக இருக்கும், அதனால்தான் ஃப்ளை மிதக்கும். இளங்கோழி இறகு தளர்ந்து மூழ்கிவிடும், அதை நிம்ஃபுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோலை உப்புத் தடவி நிழலில் காயவைத்துக் கற்பூரத்தோடு மூடிவையுங்கள். மயில் இறகு, குன்றக்குடிப் பக்கம் வயல் வரப்பில் தானாக உதிர்ந்து கிடந்தால் போதும். மயிலைத் தொட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த இழை எளிதில் அறுந்துவிடும், தையல் நூலோடு முறுக்கிச் சுற்றினால் தாங்கும். உடம்புக்குப் பருத்தி நூல் போடாதீர்கள், தண்ணீரைக் குடித்து மூழ்கும், பாலியஸ்டர் நூல் போடுங்கள்.

16 நம்பர் முள்ளில் இது ரெண்டும், 14-இல் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் ரெண்டும், ஏரிக்குக் கறுப்பும் ஆலிவும் ஊலி பக்கர் என்னும் மூழ்கும் ஃப்ளை ரெண்டும், ஆடம்ஸ் என்னும் மிதக்கும் ஃப்ளை ரெண்டும் பெட்டியில் இருந்தால் நீலகிரிக்குத் தாராளம். நூறு வகை அடுக்கிவைத்திருப்பவர்கள் கட்டுவதில் சுகம் காண்பவர்கள், மீனுக்கு அவ்வளவு தேவையில்லை. எல்லா முள்ளிலும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

மலைக்குப் போனதும்

நீலகிரிக்கே இந்த மீன் வந்தேறிதான். 1860-களில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று கைகூடவில்லை. பிறகு சென்னை மாகாண அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களின் ரெயின்போ டிரவுட்டை வரவழைத்து வேரூன்ற வைத்தார், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் 1907-இல் வந்தது. இன்றைக்கும் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்ப்பகுதிகள்தான் பேச்சில் அடிபடுபவை. மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி கேட்காமல் கிளம்பாதீர்கள், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலை வெளியிலேயே எடுக்கக் கூடாது. மதுரை, தேனி, போடி வழியாக மூணாறு நமக்குப் பக்கம், அங்கேயும் உயர்ந்த பகுதிகளில் டிரவுட் உண்டு, அங்கேயும் அனுமதி வேண்டும். வடக்கே இமாசலத்தின் தீர்த்தன் ஆற்றுக்குப் போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே டிரவுட்டுக்குத் தடைக்காலம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சி வேண்டவே வேண்டாம், 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

ஓடையில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். அதனால் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நடந்து அதன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். மீனுக்கு மேலுலகம் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் தெரியும், தாழ்வாக இருப்பது அந்தச் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மறைந்துவிடும், ஆகவே குனியுங்கள், முட்டி போடுங்கள், நிழலைத் தண்ணீரில் விழவிடாதீர்கள். வெள்ளைச் சட்டையை வேட்டியோடு ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நிற்கும் இடம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கல்லுக்கு முன்னாலும் பின்னாலும், வேகமான தண்ணீர் மெதுவான தண்ணீரைத் தொடும் ஓரத்தில், மடுவின் தலைப்பில் நுரை கோடாக ஓடும் இடத்தில். நுரை போகிற வழியில்தான் இரையும் போகும். மடுவின் வால் பக்கம் முதலில் போடுங்கள், எடுத்த எடுப்பில் தலைப்புக்கு வீசினால் வாலில் நிற்கும் மீன் மேலே ஓடி மற்றதையும் கிளப்பிவிடும். ஒரு இடத்தில் மூன்று நாலு வீச்சு சுத்தமாகப் போயும் ஒன்றும் இல்லையென்றால் நகருங்கள். மேலே வளையங்கள் தெரிந்தால் மிதக்கும் ஃப்ளை, தெரியாவிட்டால் நிம்ஃப். டிரவுட் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேதான் சாப்பிடுகிறது.

ஏரியில் மீன் உலாவும், நீங்கள் நிற்க வேண்டியது ஓடை வந்து சேரும் வாயிலும் காற்று மோதும் கரையிலும். ஊலி பக்கரை வீசி, பத்து எண்ணும் வரை மூழ்கவிட்டு, மெதுவாகச் சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். அடி தட்டவில்லையென்றால் அடுத்ததற்கு இருபது எண்ணுங்கள். விடியலும் அந்தியும் நேரம், நடுப்பகலில் சாப்பிட்டுத் தூங்கலாம்.

மாட்டியதும் ராட்டை உயர்த்திப் பிடித்து அது ஓடினால் ஓடவிடுங்கள், நின்றால் சுற்றுங்கள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், காய்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். படம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பத்து நொடிக்குள் முடித்து, ஓடும் தண்ணீரை எதிர்த்த மாதிரி பிடித்து, அதுவாகவே நீந்திப் போகும் வரை வைத்திருங்கள். அனுமதிச் சீட்டு எத்தனை எடுத்துவரலாம் என்று சொல்கிறதோ அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். சாப்பிட எடுத்தால் நம் மீன்குழம்பு மசாலாவில் போட்டு அதைக் கொன்றுவிடாதீர்கள், அந்த மென்சதைக்கு உப்பு, இடித்த மிளகு, கொஞ்சம் நெய், தோசைக்கல், அதற்கு மேல் எதுவும் தாங்காது.

அட்டைக்கு உப்பும் புகையிலையும், குளிருக்கு ஸ்வெட்டர் ரெண்டு, வழுக்குப் பாறைக்குப் பிடிப்புள்ள செருப்பு. காட்டெருமையும் யானையும் திரியும் இடம், தனியாகப் போகக் கூடாது. அணைக்குக் கீழே ஓடையில் நிற்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ ஏறினாலோ மீனைப் பார்க்காமல் கரையேறுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் லைனை முழுக்க உருவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி துவைக்கும் சோப்பு அல்லாத மிதமான சோப்பைக் கரைத்துத் துடைத்து, நிழலில் காயவைத்துப் பெரிய வளையமாகச் சுற்றிவையுங்கள். வலையையும் செருப்பையும் நன்றாக உலர்த்தாமல் கண்மாயில் இறக்காதீர்கள், ஒரு தண்ணீரின் நோய் இன்னொரு தண்ணீருக்கு இப்படித்தான் போகிறது. லீடரைத் தூக்கிப் போடும்போது துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள், முழுதாகக் கரையில் விட்டால் கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.